நெருஞ்சி போடும் கணக்கு

முதலில் ஒரு கணக்கு. பயப்பட வேண்டாம், எம்-3 அரியர் விழுகிற அளவுக்கு இல்லை. கூட்டல், பெருக்கல் மட்டும்தான்.

உங்களிடம் 100 விதைகள் இருக்கின்றன. நல்ல மழை வருஷத்தில் முளைத்த ஒவ்வொரு விதையும் செடியாகிப் பத்து விதை கொடுக்கும். மழை ஏமாற்றும் வருஷத்தில் முளைத்ததெல்லாம் கருகிவிடும், ஒன்றுகூட மிஞ்சாது. முளைக்காமல் மண்ணுக்குள் கிடக்கும் விதைக்கு எந்த வருஷமும் ஒன்றும் ஆகாது. (நிஜத்தில் எறும்பும் பூஞ்சையும் கொஞ்சம் தின்னும். கணக்கு சுலபமாக இருக்க அதை விட்டுவிடலாம்.) வரப்போவது நல்ல வருஷமா, கெட்ட வருஷமா என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இப்போது சொல்லுங்கள், எத்தனை விதையை முளைக்க விடுவீர்கள்?

கேன்டீனில் இந்தக் கேள்வியைக் கேட்டபோது சிலர் "எல்லாத்தையும்" என்றார்கள். சிலர் "எதுக்கு வம்பு, ஒரு பத்து போதும்" என்றார்கள். போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு நல்ல வருஷம், அடுத்தது ஒரு கெட்ட வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நூறையும் முளைக்கவிட்டால் முதல் வருஷ முடிவில் 1000. அடுத்த வருஷம் அந்த ஆயிரமும் முளைத்து மொத்தமும் காலி. அதற்கப்புறம் எவ்வளவு மழை கொட்டினாலும் பூஜ்ஜியம் பூஜ்ஜியம்தான். 90 சதவீதம் முளைத்தால் முதல் வருஷம் 910, இரண்டாவது வருஷ முடிவில் 91. ஆரம்பித்ததைவிடக் குறைவு! 10 சதவீதம் மட்டும் முளைத்தால் 190, பிறகு 171. பாதியை முளைக்கவிட்டுப் பாதியை மண்ணிலேயே வைத்திருந்தால்? முதல் வருஷம் 550, கெட்ட வருஷத்துக்குப் பிறகும் 275.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரே ஒரு வருஷத்துக்கான சராசரியை மட்டும் பார்த்தால் "எல்லாத்தையும்" என்ற பதில்தான் ஜெயிக்கும். 1000, இல்லையென்றால் 0, சராசரி 500. பாதிக்குப் பாதி என்ற பதிலுக்கு 550, இல்லையென்றால் 50, சராசரி 300 மட்டுமே. ஆனால் விதைகள் வருஷா வருஷம் கூடுவதில்லை, பெருகுகின்றன. பெருக்கலில் நடுவில் ஒரு பூஜ்ஜியம் வந்தால் முன்னால் எத்தனை ஆயிரம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஸ்கூலில் கூட்டுச்சராசரி, பெருக்குச்சராசரி என்று இரண்டு படித்தோமே, இரண்டாவது எதற்கு என்று அப்போது யாரும் சொல்லவில்லை. இதற்குத்தான்.

1966-இல் டான் கோஹென் என்ற இஸ்ரேல் விஞ்ஞானி இந்தக் கணக்கை முறையாகப் போட்டு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஒரே வருஷத்தில் முளைத்து, பூத்து, விதைத்து, செத்துப் போகும் செடிகளைப் பற்றிய கட்டுரை அது. அவர் கண்டது சுருக்கமாக இதுதான்: கெட்ட வருஷத்தில் முளைத்ததெல்லாம் அழிந்துபோகும் இடத்தில், நல்ல வருஷம் வர எவ்வளவு வாய்ப்போ ஏறக்குறைய அந்த அளவு பங்கு விதை முளைத்தால் போதும். பத்து வருஷத்தில் மூன்று வருஷம்தான் நல்ல மழை என்றால், பத்தில் மூன்று விதை. மற்றவை உயிரோடு, ஈரம் பட்டும், முளைக்காமல் கிடக்க வேண்டும்.

ஈ.சி.இ. நண்பர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். இதற்குப் பத்து வருஷம் முன்பே, 1956-இல், பெல் லேப்ஸில் ஜான் கெல்லி என்பவர் ஏறக்குறைய இதே கணக்கை வேறு வடிவத்தில் போட்டிருந்தார். சூதாட்டத்தில் கையிலிருக்கும் பணத்தில் எவ்வளவு பங்கைப் பந்தயம் கட்டலாம் என்பது அவருடைய கேள்வி. நாம் இன்ஃபர்மேஷன் தியரியில் படிக்கிற ஷானனின் அதே லாகரிதம்தான் அதிலும் வரும். ஷானனைப் படிக்காத ஒரு புல், பூண்டு அதைப் பாலைவனத்தில் பல லட்சம் வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறது.

பாலை என்பது இடமா, காலமா?

பாலைவனம் என்றதும் நமக்கு ராஜஸ்தான், ஒட்டகம், மணல்மேடு. ஆனால் தமிழில் பாலை என்ற சொல்லுக்குப் பின்னால் இன்னொரு யோசனை இருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தன் இயல்பு திரிந்தால் அதுதான் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்லும். இரண்டாம் மொழியாகத் தமிழ் எடுத்த என்னைப் போன்றவர்களுக்குக்கூட ஐந்திணை அட்டவணையில் அந்தக் கடைசி வரி ஞாபகம் இருக்கும். அதாவது பாலை மேப்பில் இருக்கிற ஒரு ஊர் இல்லை. நிலத்துக்கு வருகிற ஒரு காலம்.

அப்படிப் பார்த்தால் எங்கள் எண்ணூரும் வருஷத்தில் சில மாதம் பாலைதான். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1400 மி.மீ. மழை பெய்கிறது. பாலைவனத்தோடு சேர்க்கவே முடியாத அளவு. ஆனால் அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வருஷத்துக்கு வருஷமும் ஒரே மாதிரி இல்லை. 2015 டிசம்பரில் ஊரே மூழ்கியது. 2019 ஜூனில் ஏரிகள் வற்றி, குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடினோம். அதிலும் கடலோர மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஏப்ரல், மே மாதத்தில் எப்போதாவது ஒரு மழை பெய்யும். மறுநாளே கத்திரி வெயில் சுள்ளென்று அடிக்கும். அந்த ஒரு நாள் ஈரத்தை நம்பி முளைத்த எல்லாம் ஒரு வாரத்தில் சருகு.

இந்த மணலில் ஜம்மென்று இருக்கிற செடி நெருஞ்சி. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. தரையோடு தரையாகப் படரும், மஞ்சள் பூ பூக்கும், டயரைப் பஞ்சர் ஆக்கும். உலகத்தின் பல வறண்ட நிலங்களில் இருக்கிறது, தார் பாலைவனத்திலும் இருக்கிறது. அதன் காய் முற்றியதும் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் முள். நம் செருப்பில் ஏறுவது காய் இல்லை, காயின் ஐந்தில் ஒரு பங்கு.

அந்த ஒரு துண்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே சாதாரணமாக இரண்டு முதல் நான்கு விதைகள் வரிசையாக, தனித்தனி அறையில் இருக்கும். எல்லாம் ஒரே அளவு இல்லை. ஒன்று பெரியது, அடுத்தது அதைவிடச் சின்னது. மழை வரும்போது பெரும்பாலும் பெரிய விதை முதலில் முளைக்கும். மற்றவை அதே ஓட்டுக்குள், அதே ஈரத்தில், முளைக்காமல் தங்கிவிடும். அடுத்த பருவத்திலோ அதற்கும் அடுத்த வருஷமோதான் அவற்றின் முறை. பெரியது முளைத்த மழை நிஜ மழை என்றால் சரி. ஏமாற்று மழை என்றால், பெரியது போகும், குடும்பம் போகாது.

விதை மழையை எப்படி அளக்கிறது?

விதை சும்மா தூங்குவதில்லை. விதை உறக்கம் என்று தாவரவியலில் சொல்வது ஒரு வகையில் அளவீடுதான். 1940, 50-களில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் கலிஃபோர்னியப் பாலைவனத்தின் மண்ணை எடுத்து வந்து சோதனை செய்தார். அந்த மண்ணில் கண்ணுக்குத் தெரியாமல் நிறைய விதைகள் இருந்தன. மேலிருந்து மழை மாதிரி தண்ணீர் விட்டால் முளைத்தன. ஆனால் லேசான தூறல் போதவில்லை. அரை அங்குலத்துக்கு, அதாவது சுமார் 12, 13 மி.மீட்டருக்கு மேல் பெய்தால்தான் வேலை நடந்தது. அதைவிட ஆச்சரியம், அதே மண்ணைக் கீழிருந்து நனைத்தால் முளைக்கவில்லை. ஈரம் இருக்கிறது, முளை இல்லை! அவர் சொன்ன காரணம்: விதையில் முளைப்பதைத் தடுக்கும் ரசாயனம் இருக்கிறது, மேலிருந்து போதுமான தண்ணீர் ஓடினால்தான் அது கழுவிப் போகும். விதை ஈரத்தைக் கேட்கவில்லை. "எவ்வளவு பெய்தது?" என்று கேட்கிறது.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு வழி. நம் ரோட்டோரம் மழைக்குப் பிறகு கூட்டமாக வருமே ஊசித்தகரை, அதன் விதை உறை தண்ணீரையே உள்ளே விடாது. மண்ணில் உரசி, வெயிலில் காய்ந்து, எங்காவது ஒரு கீறல் விழ வேண்டும். கீறல் எல்லா விதைக்கும் ஒரே நாளில் விழாது என்பதுதான் அதன் வித்தை. பருப்புக்கீரை விதைக்கு வெளிச்சம் வேண்டும். ஆழத்தில் புதைந்த விதை யாராவது மண்ணைக் கிளறும்வரை காத்திருக்கும். மேற்காசியா, வட ஆப்பிரிக்கப் பாலைகளில் அனாஸ்டாடிகா என்று ஒரு செடி. பூத்துக் காய்த்துச் செத்த பிறகு, கிளைகளைக் கைவிரல் மடக்குவதுபோல் மடக்கி விதைகளைப் பொத்தி வைத்துக்கொள்ளும். மழை பட்டால் விரியும், கொஞ்சம் விதையை விடும், காய்ந்தால் மறுபடி மடங்கும். செத்துப்போன அம்மா வருஷக்கணக்கில் பிள்ளைகளைக் கையில் வைத்திருக்கிற மாதிரி.

நம் பாஷையில் சொன்னால் இது டிடெக்ஷன் த்ரெஷோல்ட். த்ரெஷோல்டைக் குறைத்தால் இரைச்சலையும் சிக்னல் என்று நம்பி முளைத்துச் சாகும். கூட்டினால் நிஜ மழையையும் கோட்டைவிடும். எவ்வளவு நல்ல சென்சார் வைத்தாலும், அது இன்று பெய்த மழையைத்தான் அளக்க முடியும். அடுத்த வாரம் பெய்யுமா என்று எந்த சென்சாரும் சொல்லாது. மிச்சம் இருக்கிற அந்தச் சந்தேகத்துக்குத்தான் இரண்டாவது ஏற்பாடு: எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பாமல் இருப்பது.

இது வெறும் பேப்பர் கணக்கா, செடிகள் உண்மையிலேயே இப்படிச் செய்கின்றனவா? அமெரிக்காவின் டூசான் நகரத்தில், டூமமாக் குன்றில், 1903-இல் தொடங்கிய ஒரு பாலைவன ஆய்வகம் இருக்கிறது. லாரன்ஸ் வெனபிள் என்பவர் 1982 முதல் அங்கே ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், எத்தனை விதை முளைத்தது, எத்தனை செடி பிழைத்தது, மண்ணுக்குள் எத்தனை விதை மிச்சம் என்று எண்ணினார். வருஷக்கணக்கில், இனம் இனமாக. 2007-இல் வெளியான அவருடைய முடிவு கோஹென் சொன்னதோடு ஒத்துப்போனது. எந்தச் செடிக்கு வருஷத்துக்கு வருஷம் விளைச்சல் அதிகமாக ஏறி இறங்குகிறதோ, அந்தச் செடி குறைவான பங்கு விதையைத்தான் முளைக்கவிடுகிறது. வாழ்க்கை எவ்வளவு நிச்சயமில்லாததோ, அவ்வளவு கையிருப்பு.

விதைநெல்

மனிதர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தோம். பத்தாயிரம் வருஷமாக, விதைத்ததும் சேர்ந்து முளைக்கிற, ஒரே நேரத்தில் முற்றுகிற தானியத்தையே பொறுக்கி வைத்து மறுபடி விதைத்தோம். உறங்கும் பழக்கத்தை விவசாயம் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. அதனால்தான் டெல்டாவில் அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் நெல் கதிரிலேயே முளைத்துவிடுகிறது. டிவியில் கையில் அந்தக் கதிரோடு விவசாயிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஈரத்தில் ஒரு காட்டு விதை அசையாமல் கிடந்திருக்கும்.

ஆனால் விதையிடமிருந்து பிடுங்கிய அந்தப் பொறுமையை மனிதர்கள் தாங்கள் வைத்துக்கொண்டார்கள். என் ரூம்மேட் ராமநாதபுரம். அவள் ஊரில் மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவிவிடுவார்கள், புழுதி விதைப்பு என்று பெயர். "முத மழ ஏமாத்திருச்சுன்னா?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் எங்கப்பா எல்லாத்தையும் தூவ மாட்டாரு. திரும்ப விதைக்க வீட்டுல இருக்கும்" என்றாள். பட்டினி கிடந்தாலும் விதைநெல்லைக் குத்தக் கூடாது என்பது நம் ஊரில் எல்லாப் பாட்டிகளும் சொல்கிற விஷயம். நெருஞ்சி மண்ணுக்குள் வைப்பதை அவர்கள் வீட்டுக்குள் வைத்தார்கள்.

நம் காலேஜ் வாழ்க்கை இதில் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே வயதில் பன்னிரண்டாவது, ஒரே கவுன்சலிங், ஒரே பிராஞ்சுக்கு மொத்தக் கூட்டம், ஏழாவது செமஸ்டரில் ஒரே நாளில் எல்லோரும் முளைத்தாக வேண்டும். அன்று முளைக்காதவன் பட்டுப்போன விதை என்று நினைக்கிறோம். 1879-இல் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் மிச்சிகனில் 20 பாட்டில்களில் மணலோடு விதைகளைப் போட்டுப் புதைத்து வைத்தார். அவற்றில் ஒன்றை 2021-இல் தோண்டி எடுத்தார்கள். 142 வருஷத்துக்குப் பிறகும் அதில் சில விதைகள் முளைத்தன. ப்ளேஸ்மென்ட் ஆகாத நண்பர்களுக்கு இதைச் சொன்னேன். "அதுக்குள்ள எஜுகேஷன் லோனுக்கு யார் பதில் சொல்றது?" என்று ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. காத்திருக்கிற விதைக்கு ஓடு வேண்டும். ஓடு யார் கொடுப்பது?

ஓடு யாருடையது

இந்தக் கேள்விக்குத் தாவரவியலில் ஒரு நேரடியான பதில் இருக்கிறது. விதையின் உள்ளே இருக்கும் கரு அப்பா, அம்மா இருவருடையது. ஆனால் மேலுறை முழுக்க அம்மாவின் திசு. எவ்வளவு கெட்டியான உறை, எவ்வளவு நாள் தண்ணீரை வெளியே நிறுத்தும் என்பதெல்லாம் பெரும்பாலும் தாய்ச்செடி முடிவு செய்வது. எந்த விதை முதலில் போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று விதைகள் கூடிப் பேசி ஓட்டுப் போடுவதில்லை.

எங்கள் அப்பா எண்ணூரில் மீன் பிடிப்பவர். அம்மா அதை விற்பவர். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் பக்கெட்டால் எண்ணெய் அள்ளிய படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு எங்கள் பக்கத்து மீனை யாரும் வாங்கவில்லை. "எண்ணெ மீனு" என்று அம்மாவின் கூடையைத் தாண்டிப் போனார்கள். அப்போது அண்ணன் பன்னிரண்டாவது, நான் ஏழாவது. இரண்டு பேரும் இங்கிலீஷ் மீடியம், இரண்டு பேருக்கும் ஃபீஸ்.

அண்ணனுக்கு மார்க் நன்றாகவே வந்தது, கவுன்சலிங்கில் சீட் கிடைக்கிற அளவுக்கு. அந்த மே மாதம் வீட்டில் நடந்த பேச்சு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அழுகை, சத்தம் எதுவும் இல்லை. அம்மா மட்டும் சொன்னாங்க: "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல படிச்சா, நாளைக்கு மறுபடியும் கடல் கைவிட்டா ரெண்டு பேரும் நடுவுல நிக்கணும். ஒருத்தர் முதல்ல சம்பாரிக்கட்டும். இன்னொருத்தர் நிறுத்தாம படிக்கட்டும்." அண்ணன் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க்காகச் சேர்ந்தான். ஒப்பந்த வேலை. பெட்டி வந்தால் எண்ணி எழுத வேண்டும், எந்த நேரமானாலும்.

பெரிய விதை முதலில். நெருஞ்சியைப் பற்றி முதல்முறை படித்தபோது அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அம்மா போட்ட கணக்கு சரியாக வந்தது. 2023 டிசம்பரில், நான் செகண்ட் இயர். மிக்ஜாம் புயல், வெள்ளம், அதோடு சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய். அப்பாவின் படகு, வலை எல்லாம் கறுப்பு. வாரக்கணக்கில் தொழில் இல்லை. 2017-க்கு அப்புறம் இன்னொரு பூஜ்ஜிய வருஷம். ஆனால் இந்த முறை பெருக்கல் பூஜ்ஜியத்தில் முடியவில்லை. அண்ணனின் சம்பளம் வந்தது, என் செமஸ்டர் ஃபீஸ் கட்டியாச்சு. நாங்கள் இருவரும் 2017-இலேயே சேர்ந்து படிக்கத் தொடங்கியிருந்தால், யாராவது ஒருவர் அங்கேயே நின்றிருப்போம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சமன்பாடு சொல்லாதது

இவ்வளவு தூரம் நெருஞ்சியைப் புகழ்ந்துவிட்டு இதையும் சொல்ல வேண்டும். கோஹெனின் சமன்பாட்டில் எல்லா விதைக்கும் ஒரே எழுத்துதான். பாதி முளைத்தது, பாதி மிச்சம், மொத்தம் 275. அந்தக் கணக்கில் கருகிப்போன விதைகளுக்குப் பெயர் கிடையாது. செடிக்கு அது தேவையும் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் எந்த விதை முன்னால் போனது என்று எல்லோருக்கும் தெரியும். அவனுக்குப் பெயர் இருக்கிறது, ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து டீ போடச் சொல்லி எழுப்புகிறான்.

ரிஸ்க்கைப் பிரித்துக்கொண்டோம் என்று சொல்வது சுலபம். அது எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. எங்கள் பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது இப்படி இருப்பார்கள். தம்பி டாக்டருக்குப் படிக்க, எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போன அக்கா. தங்கச்சிகள் கல்யாணம் முடியும்வரை துறைமுகத்தில் லோடு ஏற்றிய மாமா. விழா மேடையில் படித்து முடித்தவருக்குத்தான் சால்வை. ஓடாக இருந்தவரின் பெயர் நன்றியுரையில்கூட வராது.

இப்போது நான் ஃபைனல் இயர். கையில் ஒரு ஆஃபர் லெட்டர் இருக்கிறது. எந்த கம்பெனி என்பது வேண்டாம். அதில் சம்பளம் இருக்கிறது, சேர வேண்டிய தேதி மட்டும் இல்லை, "பின்னர் தெரிவிக்கப்படும்". போன வருஷம் அதே மாதிரி லெட்டர் வாங்கிய சீனியர்கள் சிலர் இன்னும் மெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இது 13 மி.மீ. மழையா, வெறும் தூறலா என்று எனக்குத் தெரியாது. அதனால் கேட் பரீட்சைக்கும் படிக்கிறேன், சின்ன கம்பெனிகளுக்கும் அப்ளை பண்ணுகிறேன். நெருஞ்சியிடம் கற்றதில் இதுவரை பயன்படுத்தியது அவ்வளவுதான்.

பயன்படுத்தக் கூடாது என்று முடிவு செய்தது ஒன்று இருக்கிறது. அண்ணனுக்கு இப்போது 25. அஞ்சல் வழியில் பி.காம். சேரலாமா என்று மூன்று மாதமாக அவன் போனில் ஒரு பக்கம் திறந்தே இருக்கிறது. "சேருண்ணா" என்றால், "நீ முதல்ல ஜாயின் பண்ணு பாப்பா, அப்புறம் பாக்கலாம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆரம்பிக்க வேணாம்" என்கிறான். அம்மாவின் பழைய வாக்கியத்தை அவன் இன்னும் வைத்திருக்கிறான். அதுவும் தவறில்லை, பழக்கப்பட்ட கணக்கு.

ஆனால் விதைக்கும் அண்ணனுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. விதை ஒன்று முளைக்கும், இல்லையென்றால் உறங்கும். பாதி முளைத்துப் பாதி காத்திருக்க அதற்கு வழியில்லை, அதனால்தான் செடி தன் பிள்ளைகளை இரண்டாகப் பிரிக்கிறது. மனிதனால் பகலில் பெட்டி எண்ணிக்கொண்டு ராத்திரியில் அக்கவுன்ட்ஸ் படிக்க முடியும். ஒரு முறை முன்னால் போன விதைக்கு மறுவாய்ப்பு கிடையாது. 25 வயதில் ஒருவனுக்கு அது உண்டு, யாராவது அடுத்த ஓடாக இருக்கத் தயார் என்றால்.

கோடை விடுமுறை இன்டர்ன்ஷிப்பில் வந்த பணத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன், முதல் வருஷ ஃபீஸுக்குக் காணும். விண்ணப்பத்தை நானே நிரப்பி, அவன் மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டேன். கையெழுத்து மட்டும் அவன் போட வேண்டும். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் மீன் கூடையைக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, "உன் வேல தேதி வரலன்னா?" என்று கேட்டாங்க. "வரலன்னா ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கறோம்மா" என்றேன்.

உங்கள் வீட்டிலும் இந்தக் கணக்கை யாராவது போட்டிருப்பார்கள், பேப்பர், பேனா இல்லாமல். முதலில் போன விதை யார் என்று உங்களுக்குத் தெரியும். கான்வகேஷனுக்கு இரண்டு பாஸ்தான் தருவார்கள் என்று சீனியர்கள் சொன்னார்கள். அப்பாவும் அம்மாவும் ஏற்கனவே பேசி முடித்துவிட்டார்கள். அப்பா அன்றைக்குக் கடலுக்குப் போகிறாராம். ஒரு பாஸ் அண்ணனுக்கு.